மெமரி அலர்ட்: தினம் 288 மெயில் வந்தது, வேண்டிய அன்று ஒன்றைக்கூடப் படிக்கவில்லை

மாடிப்படி_சர்வர் | திங்கள், காலை 11.10

வேலூரில் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்துகளில் லாட்ஜ் நடத்தும் ஒருவருக்கு கம்ப்யூட்டர் வேலை எல்லாம் நான்தான் பார்க்கிறேன். மூன்று லாட்ஜ், ஒரே சர்வர். சர்வர் என்றால் ஏசி ரூம் என்று நினைக்க வேண்டாம். ரிசப்ஷனுக்குப் பின்னால் மாடிப்படிக்கு அடியில், யுபிஎஸ் பக்கத்தில் இருக்கிற ஒரு டவர். 8 ஜிபி ராம், நாலு கோர், உபுண்டு. ரூம் புக்கிங் பிஎச்பி, டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல். கெஸ்ட் ரிஜிஸ்டர், வெளிநாட்டுக்காரர்களுக்கான ஃபார்ம் சி விவரம் எல்லாம் பிடிஎஃப் ஆக்கிக் கொடுக்க ஒரு ஜாவா சர்வீஸ்.

முன்னால் இருந்தவர் மெமரி அலர்ட் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை க்ரான் (நேரம் பார்த்துத் தானாக ஓடும் வேலை) ஓடும், 85 சதவீதத்துக்கு மேல் போனால் மெயில். நான் வந்த நாளிலிருந்து 24 மணி நேரமும் 95, 97 என்றுதான் வருகிறது. ஒரு நாளைக்கு 288. ஒரு வாரத்தில் அந்த மெயிலுக்குத் தனி ஃபோல்டர் போட்டு ஒதுக்கிவிட்டேன். எல்லோரும் செய்வதுதானே.

சனிக்கிழமை ராத்திரி 2.40க்கு மைஎஸ்கியூஎல் செத்துவிட்டது. அதிகாலை கொல்கத்தா பக்கமிருந்து வரும் ரயிலில் காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்த நோயாளிகள் குடும்பத்தோடு ரிசப்ஷனில் நிற்கிறார்கள், ஸ்கிரீனில் எர்ரர். ஒரு அம்மா ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாராம். ஓனர் எனக்குப் போன் செய்தது 5.25க்கு. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) லாகில் அவுட் ஆஃப் மெமரி என்று இருக்கிறது. ரீபூட் செய்தேன், சரியாகிவிட்டது.

என் கேள்வி: ஒவ்வொரு ப்ராசஸுக்கும் (ஓடுகிற புரோகிராமுக்கும்) தனித்தனியாக அலர்ட் வைப்பது எப்படி? எத்தனை சதவீதம் வைக்க வேண்டும்?


ஆம்பூர்_2ஜிபி | திங்கள், காலை 11.32

இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் வாங்கிச் சொருகுங்க, கதை முடிஞ்சது. அதுவரைக்கும் க்ரானில் மணிக்கொரு முறை டிராப் கேச் போட்டு விடுங்க, சதவீதம் தானா இறங்கும், மெயிலும் நிக்கும்.


வாலாஜா_ரோடு | திங்கள், மதியம் 1.05

டிராப் கேச் வேண்டவே வேண்டாம் தம்பி. அது ஜுரம் இருக்கும்போது தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணியில் முக்குவது. கேச்சைக் காலி செய்தால் அதில் இருந்த ஃபைல்களை எல்லாம் மறுபடி டிஸ்கிலிருந்து படிக்க வேண்டும். மெயில் நிற்கும், சர்வரும் இழுக்கும்.

மாடிப்படி, உங்கள் ஸ்கிரிப்டைத் திறந்து ஒன்றைப் பாருங்கள். மொத்த மெமரியிலிருந்து ஃப்ரீ என்ற எண்ணைக் கழிக்கிறதா? அப்படித்தான் இருக்கும். லினக்ஸ் சும்மா கிடக்கிற மெமரியை விடாது, படித்த ஃபைலை எல்லாம் அதில் வைத்துக்கொள்ளும். ஒரு ராத்திரி பேக்கப் ஓடினால் போதும், ஃப்ரீ வற்றிவிடும், மறுநாள் முழுக்க அப்படியே நிற்கும். ஆனால் ஒரு ப்ராசஸ் கேட்டால் கேச்சிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். நம் பாலாறு மாதிரிதான். பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் வெறும் மணல். ஊற்று தோண்டினால் தண்ணி. மேலே தெரிகிற மணலைப் பார்த்து உங்கள் ஸ்கிரிப்ட் தினம் 288 முறை கத்துகிறது.

பார்க்க வேண்டியது அவைலபிள் என்ற எண். ஸ்வாப்புக்கு (மெமரி போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) போகாமல் புதிதாக எவ்வளவு கொடுக்க முடியும் என்று கெர்னல் தானே போடுகிற மதிப்பீடு. 2014-ல் வந்த 3.14 கெர்னலிலிருந்தே இருக்கிறது.

இரண்டு விஷயம் போடுங்கள். ஃப்ரீ கமாண்டின் வெளியீடு. அப்புறம், மெமரி தீர்ந்து கெர்னல்தான் மைஎஸ்கியூஎல்லைக் கொன்றிருக்கும், சனிக்கிழமை லாகில் அந்தக் கொலைக்கு முன்னால் ஒரு பெரிய அட்டவணை இருக்கும், அதில் முதல் சில ப்ராசஸ்கள். ராமுக்குக் காசு செலவழிப்பதை அப்புறம் பேசலாம்.


மாடிப்படி_சர்வர் | திங்கள், மாலை 4.48

அண்ணா, அதேதான். மொத்தத்திலிருந்து ஃப்ரீயைக் கழிக்கிறது.

இப்போது: மொத்தம் 7.6 ஜிபி, யூஸ்டு 4.5, ஃப்ரீ 0.2, பஃப்/கேச் 2.9, அவைலபிள் 2.7. ஸ்வாப் பூஜ்யம். "ஸ்வாப் இருந்தால் ஸ்லோ" என்று முன்னவர் எடுத்துவிட்டாராம்.

லாகில் உள்ள அட்டவணையில் ஆர்எஸ்எஸ் (ப்ராசஸ் ராமில் பிடித்திருக்கும் அளவு) என்ற பத்தியில் மைஎஸ்கியூஎல் 968114, ஜாவா 812450, அதற்கடுத்து பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பியை ஓட்டும் ப்ராசஸ்) பதினாலு வரி. எனக்கு ஒன்று புரியவில்லை. 968 எம்பி, 812 எம்பி, இரண்டும் சேர்ந்து 2 ஜிபி கூட வரவில்லையே, 7.6 ஜிபி எங்கே போனது? ஆனால் கடைசி வரியில், கொன்ற ப்ராசஸ் என்ற இடத்தில், மைஎஸ்கியூஎல்லுக்கு 38 லட்சத்துச் சொச்சம் கேபி என்று போட்டிருக்கிறது. எது நிஜம்?


வாலாஜா_ரோடு | திங்கள், இரவு 9.15

இரண்டும் நிஜம். அட்டவணையில் இருப்பது கேபி இல்லை, பேஜ் எண்ணிக்கை. ஒரு பேஜ் 4 கேபி. கடைசி வரியில்தான் கேபி. ஒரே லாகில் இரண்டு அளவு. இதில் விழாதவர் இல்லை, நானும் விழுந்திருக்கிறேன்.

நாலால் பெருக்குங்கள். மைஎஸ்கியூஎல் சுமார் 3.7 ஜிபி. ஜாவா 3.1 ஜிபி. அதற்கு மேல் பிஎச்பி. 7.6 ஜிபி பெட்டியில் ஸ்வாப்பும் இல்லாமல் வேறு என்ன ஆகும்?

இப்போது முக்கியமான இடம். கெர்னல் கொன்றது யாரை? மைஎஸ்கியூஎல்லை. ஏன்? எல்லோரிலும் பெரியது அதுதான். ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கில்லர் நியாயம் விசாரிக்காது, யார் அதிகம் வைத்திருக்கிறார்களோ அவர்களைப் போடும். மைஎஸ்கியூஎல் பஃபர் பூல் (டேட்டாவை மெமரியில் வைக்கும் இடம்) எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், 3 ஜிபியா? அப்படியானால் 3.7 அதன் இயல்பான எடை. ஜாவாவுக்கு ஹீப் (ஜாவா தன் ஆப்ஜெக்ட்களை வைக்கும் மெமரி) எவ்வளவு?


மாடிப்படி_சர்வர் | திங்கள், இரவு 9.31

பஃபர் பூல் 3 ஜிபிதான். ஜாவா எக்ஸ்எம்எக்ஸ் (ஹீப் வரம்பு) 1536 எம்பி. அதைத் தாண்டாது என்றுதான் நினைத்திருந்தேன். ரீபூட்டுக்குப் பிறகு இப்போது 1.1 ஜிபி காட்டுகிறது.


வாலாஜா_ரோடு | திங்கள், இரவு 9.40

அப்போது செத்தது ஒன்று, தின்றது வேறொன்று. ஹீப்புக்கு மட்டும்தான் அந்த வரம்பு. மெட்டாஸ்பேஸ், த்ரெட் ஸ்டாக், டைரக்ட் பஃபர், கம்ப்ரஷன் லைப்ரரி நேராக வாங்குவது எல்லாம் வெளியே. பிடிஎஃப் செய்கிற சர்வீஸ் என்றால் எனக்கு முதல் சந்தேகம் கம்ப்ரஷன் மேல்தான். நாளைக்குப் பார்க்கலாம், மனைவி முறைக்கிறாள்.


சத்துவாச்சாரி_மாணவி | செவ்வாய், காலை 8.20

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். ஓடுகிற ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கமாண்டில் எல்லா ப்ராசஸின் ஆர்எஸ்எஸ்ஸையும் கூட்டிப் பார்த்தேன் (என் காலேஜ் லேப் சர்வரில், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடுகிறது). 16 ஜிபி மெஷினில் கூட்டல் 21 ஜிபி வருகிறது. இது எப்படி?


குடியாத்தம்_கைத்தறி | செவ்வாய், காலை 10.02

நல்ல கேள்விம்மா. எங்கள் ஊர்ப் பக்கம் பங்குக் கிணறு உண்டு. அண்ணன் தம்பி நாலு பேருக்கு ஒரே கிணறு, ஒரே பம்புசெட். நாலு பேரிடமும் தனித்தனியாக "உனக்குக் கிணறு இருக்கிறதா" என்று கேட்டால் நாலு பேரும் இருக்கிறது என்பார்கள். கூட்டினால் நாலு கிணறு. ஆர்எஸ்எஸ் கூட்டல் அப்படித்தான். போஸ்ட்கிரெஸ்ஸில் ஷேர்டு பஃபர்ஸ் (எல்லோரும் பகிரும் மெமரி) ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு கனெக்‌ஷன் ப்ராசஸும் தான் தொட்ட பேஜ்களை எல்லாம் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

பங்கு பிரித்த கணக்கு வேண்டுமென்றால் பிஎஸ்எஸ். ப்ராக் டைரக்டரியில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குள் ஸ்மேப்ஸ்_ரோல்அப் என்று ஒரு ஃபைல் இருக்கும் (4.14 கெர்னல் முதல்). ரூட்டாக இருந்து படியுங்கள். பகிர்ந்த பேஜை எத்தனை பேர் வைத்திருக்கிறார்களோ அத்தனையால் வகுத்துத் தரும். பெரிய ப்ராசஸுக்கு இதைப் படிக்க கெர்னல் நிறைய வேலை செய்ய வேண்டும், அதனால் பத்து விநாடிக்கொரு முறை அலர்ட்டுக்காகப் படிக்கிற வேலை ஆகாது. கையால் கணக்குப் பார்க்க மட்டும்.

மாடிப்படிக்கும் இது பொருந்தும். பதினாலு பிஎச்பி வொர்க்கரின் ஆர்எஸ்எஸ்ஸைக் கூட்டி அலர்ட் வைத்தால் அவை பகிர்ந்துகொள்ளும் ஒப்கேச்சைப் பதினாலு முறை எண்ணுவீர்கள்.


ராணிப்பேட்டை_ஷிப்ட் | செவ்வாய், மாலை 6.30

சிப்காட்டில் நைட் ஷிப்ட் ஐடி. கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே! ஒரு சர்வர்தானே, அதற்கு ப்ரோமித்தியஸ், கிராஃபானா மாதிரிப் பெரிய கண்காணிப்பு மென்பொருள் எல்லாம் தூக்கி வர வேண்டாம், அதுவே அரை ஜிபி தின்னும். மோனிட் என்ற சின்னக் கண்காணிப்பு புரோகிராம் போடுங்கள்.

சுற்று 30 விநாடி வையுங்கள். ஒவ்வொரு சர்வீஸுக்கும் செக் ப்ராசஸ் என்று ஒரு பகுதி. பெயரை வைத்துத் தேடுகிற மேட்சிங் வேண்டாம், பிஐடி ஃபைலை (ப்ராசஸ் எண் எழுதியிருக்கும் ஃபைல்) கொடுங்கள். பெயர் வைத்துத் தேடி நான் பட்டது போதும். ஜாவா என்று தேடினேன், லாக் பார்க்க நான் திறந்து வைத்திருந்த எடிட்டரின் கமாண்ட் வரியிலும் ஜாவா என்று இருந்தது, மோனிட் அதைப் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் என் எடிட்டர் நலமாக இருப்பதாகப் பச்சை காட்டியது.

அப்புறம், வெறும் மெமரி என்று எழுதாமல் டோட்டல் மெமரி என்று எழுதுங்கள். வெறும் மெமரி என்றால் தாய் ப்ராசஸ் மட்டும். பிஎச்பி-எஃப்பிஎம் தாய் முப்பது எம்பியில் நிம்மதியாக இருக்கும், பிள்ளைகள்தான் தின்பார்கள். டோட்டலில் பிள்ளைகளும் சேரும். கைத்தறி அண்ணன் சொன்ன கிணற்றுக் குற்றம் இதிலும் உண்டு, அதனால் பிஎச்பிக்கு மட்டும் எல்லையைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள்.

மறக்கக் கூடாதது, எல்லை தாண்டிய உடனே கத்த வேண்டாம். தொடர்ந்து 10 சுற்று, அதாவது ஐந்து நிமிஷம் தாண்டி நின்றால் மட்டும்.


மாடிப்படி_சர்வர் | செவ்வாய், மாலை 6.52

எல்லை எத்தனை சதவீதம்?


ராணிப்பேட்டை_ஷிப்ட் | செவ்வாய், மாலை 7.05

சதவீதம் என்று கேட்காதீர்கள், எம்பியில் கேளுங்கள். ஒரு வாரம் அலர்ட் இல்லாமல் வெறுமனே அளந்து எழுதுங்கள். பிஎஸ்ஸில் ஆர்எஸ்எஸ் பெரியதிலிருந்து வரிசைப்படுத்தி, முதல் பத்து வரியை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஃபைலில் சேருங்கள். பரபரப்பான நாளில் அதிகபட்சம் என்ன என்று தெரியும். அதற்கு மேல் கால் பங்கு சேர்த்தால் எல்லை. மைஎஸ்கியூஎல் 3.7 ஜிபியில் படுத்திருப்பது நோய் இல்லை, அது அதன் உடம்பு வாகு. 4.6ஐத் தொட்டால்தான் பேச்சு.


வாலாஜா_ரோடு | செவ்வாய், இரவு 10.10

மோனிட் சரி. ஆனால் அலர்ட் மட்டும் போதாது. 2.40க்கு அலர்ட் வந்தால் மாடிப்படி எழுந்து, கண்ணைத் துடைத்து, லேப்டாப்பைத் திறப்பதற்குள் 2.55. அதுவரை சர்வர் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும்.

ஜாவாவை சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் லினக்ஸ் புரோகிராம்) சர்வீஸாக வைத்து அதில் மெமரிமேக்ஸ் 2.6 ஜிபி போடுங்கள். அதைத் தாண்டினால் கெர்னல் அந்தக் குழுவுக்குள் மட்டும் கொல்லும். ஜாவா சாகும், ரீஸ்டார்ட் ஆகும், பிடிஎஃப் இரண்டு நிமிஷம் தாமதம், அவ்வளவுதான். ரிசப்ஷன் நிற்காது. மைஎஸ்கியூஎல்லையும் கை ஸ்கிரிப்டிலிருந்து சிஸ்டம்டிக்கு மாற்றி ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்ட் (கொல்லும் வரிசையில் பின்னுக்குத் தள்ளும் எண்) மைனஸ் 600 கொடுங்கள். மைனஸ் 1000 கொடுத்தால் அதைத் தொடவே மாட்டான், அப்புறம் மற்றதை எல்லாம் போட்டுத் தள்ளுவான்.


ராணிப்பேட்டை_ஷிப்ட் | செவ்வாய், இரவு 10.31

மேக்ஸுக்குப் பதில் மெமரிஹை போடலாமே அண்ணா? கொல்லாமல் வேகத்தைக் குறைக்கும்.


வாலாஜா_ரோடு | செவ்வாய், இரவு 10.44

கேச்சை விட்டுக்கொடுக்கக்கூடிய வேலைக்கு ஹை நல்லது. கசிகிற ப்ராசஸுக்கு ஹை போட்டால் சாகவும் சாகாது, வேலையும் செய்யாது, ஆமையாகக் கிடக்கும். எதுவும் செத்திருக்காது என்பதால் அலர்ட்டும் வராது. ஸ்வாப் இல்லாத பெட்டியில் இன்னும் மோசம். நான் மேக்ஸ் கட்சி. நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.


ராணிப்பேட்டை_ஷிப்ட் | செவ்வாய், இரவு 10.50

ஒத்துக்கொள்ளவில்லைதான். ஹை 2.2, மேக்ஸ் 2.6 என்று இரண்டும் வைத்து, சிகுரூப்பில் (அந்த சர்வீஸின் ப்ராசஸ் குழு) மெமரி.ஈவென்ட்ஸ் ஃபைலில் ஹை எண்ணிக்கை ஏறினால் மெயில் அனுப்புவேன். அதே ஃபைலில் ஓஓஎம்_கில் எண்ணிக்கையும் இருக்கிறது, லாகைத் தேடிக் கிளற வேண்டாம். என் இடத்தில் இரண்டு வருஷமாக ஓடுகிறது.


ஆம்பூர்_2ஜிபி | புதன், காலை 9.15

இத்தனைக்கும் நடுவில் அந்த 8 ஜிபி ஸ்டிக் இன்னும் கடையிலேயே இருக்கிறது என்பதை நினைவூட்டுகிறேன்.


குடியாத்தம்_கைத்தறி | புதன், காலை 9.40

வாங்கட்டும், தப்பில்லை. ஆனால் கசிவு இருந்தால் ஏழு நாளில் சாவது பதினஞ்சு நாளில் சாகும். அதுவும் ராத்திரி 2.40க்குத்தான் சாகும், அதில் மாற்றமில்லை.

நான் கேட்க வந்தது வேறு. மாடிப்படி, அந்த மெயில் எங்கிருந்து போகிறது? அதே சர்வரில் மெயில் அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸா?


மாடிப்படி_சர்வர் | புதன், காலை 9.58

ஆமாம்.


குடியாத்தம்_கைத்தறி | புதன், காலை 10.20

வீடு பற்றி எரியும்போது உள்ளே இருப்பவனே வெளியே வந்து போஸ்ட் பெட்டியில் கார்டு போட வேண்டும் என்பது மாதிரி. மெமரி தீர்ந்த பெட்டியில் புதிதாக ஒரு ப்ராசஸ் ஃபோர்க் ஆகி மெயில் அனுப்புமா என்பது அதிர்ஷ்டம். இரண்டு மாற்றம் செய்யுங்கள். ஒன்று, அலர்ட் டெலிகிராம் பாட் வழியாகப் போகட்டும், மெயில் போல ஃபோல்டரில் புதைந்து கிடக்காது. இன்னொன்று, சர்வர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெளியே இருக்கிற வேறொரு மெஷினுக்கு "இருக்கிறேன்" என்று ஒரு தட்டு தட்ட வேண்டும். மூன்று தட்டு தவறினால் அந்த மெஷின் உங்களை எழுப்ப வேண்டும். கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்தால்கூட இது ஒன்றுதான் சொல்லும். மே மாதம் மாடிப்படி அடியில் வைத்திருக்கிறீர்கள், தேவைப்படும்.


சத்துவாச்சாரி_மாணவி | புதன், மதியம் 12.15

பிஎஸ்ஐ என்று ஒன்று படித்தேன், அது இங்கே உதவுமா?


வாலாஜா_ரோடு | புதன், மதியம் 1.30

உதவும். ப்ராக்கில் ப்ரஷர் என்ற டைரக்டரியில் மெமரி ஃபைல், 4.20 கெர்னலிலிருந்து. மெமரிக்காகக் காத்திருந்து எத்தனை சதவீத நேரம் வீணானது என்று 10, 60, 300 விநாடிச் சராசரி தரும். ஃபுல் என்ற வரியில் 60 விநாடிச் சராசரி பூஜ்யத்தை விட்டு நகர்ந்து நின்றாலே கவனியுங்கள். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைவிட எவ்வளவு வலிக்கிறது என்பது பயனுள்ள எண்.


மாடிப்படி_சர்வர் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.00

எல்லோருக்கும் நன்றி. செய்ததைச் சொல்கிறேன்.

பழைய ஸ்கிரிப்டைத் தூக்கிவிட்டேன். ஒரு வாரம் அளந்ததில் ஜாவா தினமும் ராத்திரி 2.30க்குப் பிறகு படியேறுகிறது, இறங்குவதில்லை. முந்தைய நாள் ரிஜிஸ்டர் பிடிஎஃப் ஆகிற நேரம் அது. நேட்டிவ் மெமரி ட்ராக்கிங் (ஜாவா தானே வைக்கும் மெமரிக் கணக்கு) போட்டுப் பார்த்ததில் ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் புரோகிராம்) தன் கணக்கில் 1.9 ஜிபி என்கிறது, ஆர்எஸ்எஸ் 2.5 காட்டுகிறது. நடுவில் 0.6 ஜிபிக்கு ஜேவிஎம்மிடம் கணக்கே இல்லை. வாலாஜா அண்ணா போனில் சொன்னபடி மேலாக் அரீனா மேக்ஸ் 2 என்று என்விரான்மென்ட்டில் வைத்தேன் (அரீனா என்றால் மெமரி ஒதுக்கும் தனித்தனிப் பகுதி, 64 பிட்டில் கோருக்கு எட்டு வரை போகுமாம், எனக்கு 32). பாதி அதிலேயே நின்றது. மீதி அவர் சந்தேகப்பட்டதுதான், அடையாள அட்டை ஸ்கேனைச் சுருக்கும் இடத்தில் கம்ப்ரஸரை மூடாமல் விட்டிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர்களிடம் சொல்லி ஒரு வரி சேர்த்தாயிற்று. இப்போது நாலு நாளாக 1.7ல் நிற்கிறது.

ஜாவாவுக்கு மேக்ஸ் 2.6. ஹை போடவில்லை, ஷிப்ட் அண்ணன் மன்னிக்க. மைஎஸ்கியூஎல்லுக்கு மைனஸ் 600. 2 ஜிபி ஸ்வாப் திரும்பப் போட்டேன். மோனிட்டில் ஜாவா 2.1 ஜிபி, மைஎஸ்கியூஎல் 4.6 ஜிபி, மொத்த அவைலபிள் 700 எம்பிக்குக் கீழே போனால் ஒன்று. எல்லாமே பத்து சுற்று. ஒரு தப்பு செய்தேன்: மோனிட்டிலும் ரீஸ்டார்ட், சிஸ்டம்டியிலும் ரீஸ்டார்ட். சோதனைக்கு ஜாவாவைக் கொன்றபோது இரண்டும் போட்டி போட்டு எழுப்பி, போர்ட் பிடித்தாயிற்று என்று இரண்டாவது விழுந்தது. மோனிட்டை அலர்ட் மட்டும் என்று மாற்றினேன்.

வியாழக்கிழமை மதியம் 3.10க்குத்தான் முதல் நிஜ அலர்ட். சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில் இருந்தேன், காட்பாடியில். ஜாவா 2.2 ஜிபி, ஐந்து நிமிஷமாக. பகலில் ஏன் என்று ரிசப்ஷனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, நான்தான். போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து ஒரு வருஷ ரிஜிஸ்டர் கேட்டாங்க, மொத்தமா பிரிண்ட் குடுத்தேன். நிறுத்திடவா?"

மேக்ஸுக்கு இன்னும் 0.4 ஜிபி இருந்தது. வேண்டாம், முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்தேன். 3.24க்கு இறங்கிவிட்டதாக இன்னொரு மெசேஜ்.


ஆம்பூர்_2ஜிபி | ஞாயிறு, இரவு 8.12

ஸ்டிக்?


மாடிப்படி_சர்வர் | ஞாயிறு, இரவு 8.15

ஓனர் அடுத்த மாசம் என்கிறார்.